டிரைவேயில் ஊற்றிய வெந்நீர்

மகள் கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் மருமகனை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாங்கள் நாடுவிட்டு வந்து குடியேறிய டூங்கபி வீட்டுக்கு அவர் வந்து எதிர்க்கதிரையில் இருந்தாலும், "சாப்பிட வரச் சொல்லு" என்று மகளிடம்தான் சொல்வேன். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெடியன் என்பதைத் தவிர அவரில் சைவக்காரனான நான் கண்ட குற்றம் வேறில்லை. தேவாலயத்தில் திருமணம் நடந்தபோது மனைவி உள்ளே போனாள். நான் வெளியே காருக்குள் இருந்தேன். அவரோ முதல் நாளிலிருந்தே என்னை "மாமா" என்று கூப்பிட்டார்.

போன குளிர்காலம் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. மலைக்கு அப்பால், எப்போதாவது பனி கொட்டும் ஒரு சின்ன ஊரில் அவளுக்கு ஆஸ்பத்திரி வேலை. உதவிக்கென்று நாங்கள் இருவரும் போயிருந்தோம். ஒரு காலை திரையை விலக்கினால், வீட்டிலிருந்து தெருவுக்குக் கார் இறங்கும் டிரைவே முழுக்க வெள்ளை.

பனி அள்ளவென்று மருமகன் முதல்நாளே சவளொன்றைச் சுவரில் சாத்தி வைத்திருந்தார். அதை நான் தொடவில்லை. சுரண்டும் சத்தத்தில் அவர் எழும்பி வந்து வேலையை என் கையிலிருந்து வாங்கிவிடுவார். "அப்பாதான் துப்பரவாக்கினவர்" என்று மகள் சொல்வதை அவர் கேட்கவேண்டும் என்று எனக்கு ஆசை. குசினியில் கேத்திலைப் போட்டு, கொதிநீரைக் கொண்டுபோய் ஊற்றினேன். பனி சீனி மாதிரிக் கரைந்தது. திரும்பத் திரும்ப ஊற்றினேன். சீமெந்து கறுப்பாகத் தெரிந்ததும் பெருமையோடு உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்தேன். நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்தவன்.

ஓரத்தில் மிஞ்சிய பனிக்கென்று மறுபடி கேத்திலோடு வெளியே வந்தபோது, ஊற்றிய தண்ணீர் கண்ணாடியாக உறைந்து கிடந்தது. அதே நேரம் மகளின் காரைச் சூடாக்கி வைக்க மருமகன் வீட்டுச் செருப்போடு பக்கக் கதவால் வந்தார். தடுக்க வாயைத் திறந்தேன். கூப்பிட என்னிடம் ஒரு சொல் இல்லை. தம்பி என்றோ, பெயர் சொல்லியோ ஒருநாளும் கூப்பிட்டிராத நாக்கு அந்தரித்து நின்றது. "இஞ்ச..." என்று நான் தொடங்கும்போது அவர் விழுந்துவிட்டார்.

நான் ஓட எத்தனித்தேன்.

"மாமா, வராதேங்கோ! வழுக்குது, அதிலயே நில்லுங்கோ!" வலக்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கிடந்தபடியே கத்தினார். அவருக்கு அந்தச் சொல் உடனே வந்தது.

மகள் வாசலுக்கு ஓடி வந்தாள். "ஐயோ, ஆர் இதில தண்ணி ஊத்தினது?"

அவர் என் கையிலிருந்த கேத்திலைப் பார்த்தார். "ஹோஸ் பைப் லீக் அடிச்சிருக்கும் போல" என்றார்.

நான் பேசாமல் நின்றேன். மகளும் அவரும் புல்லோரமாக இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை நான் உண்மையைச் சொல்லவில்லை. அவர் விழுந்ததைவிட அந்த மௌனம்தான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

பிறகு சவளை எடுத்தேன். பாளத்தை உடைத்து உடைத்து அள்ளினேன். மனைவி குசினி உப்பைக் கொண்டுவந்து தூவினாள். "தண்ணி உறையுமெண்டு பிள்ளையளுக்கு மட்டும்தான் படிப்பிச்சனியளோ?" என்றாள். நான் அடுத்த பாளத்தில் சவளைக் குத்தினேன்.

மருமகனுக்கு மணிக்கட்டு உடைந்திருந்தது. கட்டோடு வந்து கதிரையில் இருந்தவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். மகளும் அங்கேதான் நின்றாள்.

"தம்பி, தண்ணி ஊத்தினது நான்தான்."

"தெரியும் மாமா. கேத்திலில ஆவி பறந்துகொண்டெல்லோ இருந்தது."

மகள் சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது. என்னைத் திட்டினாள், அவரையும் திட்டினாள். பிறகு சோறு போடப் போனாள்.

சாப்பாடு மேசைக்கு வந்ததும் அவள் வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தாள். நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"தம்பி, சாப்பிட வாங்கோ" என்றேன்.

அவர் எழுந்து வந்தார். வலக்கை கட்டுக்குள் இருந்தது. சோற்றையும் பருப்பையும் நானே குழைத்து அவர் பக்கம் தள்ளிவிட்டு, கரண்டி எடுக்கக் குசினிக்குப் போனேன்.