கௌதாரிகளுக்குக் கொடுக்க நினைத்த காடு

பல்லடத்துக்குத் தெற்கே எங்களுக்கு நாலு ஏக்கர் கொறங்காடு இருந்தது. கொறங்காடு என்றால் ஆடு மேய விடுகிற புல்லுக்காடு. சுற்றிலும் கிளுவை முள் வளர்த்த உயிர்வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம். தொண்ணூறுகளில் அக்கம்பக்கத்துக் காடெல்லாம் வீட்டுமனையாகிவிட்டது. ஆடுகளை விற்றுவிட்ட அப்பா, பறவைகளுக்காகவே காட்டை விட்டுவைக்கும்படி ஒரு சங்கத்துக்குத் தானமாகக் கொடுக்க முடிவு செய்தார்.

"நம்ம வேலிக்குள்ளதான் கண்ணு கௌதாரி மிச்சமிருக்குது. நான் போய்ட்டா நீ வித்துப்போடுவே" என்றார் என்னிடம்.

விற்றிருப்பேன்தான். பீளமேட்டில் லேத் வேலையில் இருந்த எனக்குக் கௌதாரி என்றால் வறுவல். ஆனாலும் அவர் ஆசைக்குக் குறுக்கே நிற்க மனம் வரவில்லை.

சங்கத்து அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை காடு பார்க்க வருவதாக ஏற்பாடு. பத்திர வேலையாக அப்பா மூன்று நாள் முன்னதாகவே கோயமுத்தூர் போய்விட்டார். லீவு போட்டு ஊருக்கு வந்த நான் காட்டைப் போய்ப் பார்த்தேன். முட்டி உயரப் புல், புதர், வேலியெங்கும் கொடி. எங்கள் பக்கம் காட்டைத் துப்புரவாக்காமல் அடுத்தவர் கையில் கொடுத்தால் பண்ணையம் தெரியாதவன் என்று காறித் துப்புவார்கள். தானம் கொடுக்கிற காடா இப்படிக் கிடப்பது? ஆள் பிடித்து வேலியையும் புதரையும் வெட்டிக் குவித்தேன். வாடகை டிராக்டரை நானே ஓட்டி, நாலு ஏக்கரையும் உழுதேன். என்னைப் போல் பிள்ளை உண்டா என்று ஒரு நினைப்பு வேறு.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவும் அப்பாவும் காரிலிருந்து இறங்கினார்கள்.

"எல்லாம் சுத்தம் பண்ணிப்போட்டேனுங்க" என்றேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. "அந்தப் புல்லுலயும் புதர்லயுந்தானுங்க கௌதாரி முட்டை வெக்கும். இனி இங்க காப்பாத்த என்னங்க இருக்குது?" என்று கேட்டார். சங்கத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினார்.

"மழை பேஞ்சா மறுபடி மொளச்சுக்குமுங்கப்பா" என்றேன்.

"மொளைக்கும். கிளுவை அடைஞ்சு வேலியாக எத்தனை வருசமாவும்? அது வரைக்கும் நானிருப்பனா கண்ணு?"

திட்டுவார் என்று நின்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உழவுசாலுக்குள் இறங்கி, அந்தக் கோடி வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

"சால் கோணாம ஓட்டியிருக்கறே" என்றார். அதுவரை என் உழவை அவர் ஒரு தடவைகூட மெச்சியதில்லை.