குலுங்கும்வரை வெந்த இறால்

அந்தப் புதன்கிழமை எல்லாம் கோணலாகத் தொடங்கியது மாலை ஆறு நாற்பத்திரண்டுக்கு. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல எனக்கு ஞாபகசக்தி தேவையில்லை. அந்த நிமிடத்திலிருந்து மகளை நான் அழைத்த அழைப்புகள் எல்லாம் என் கைபேசியில் வரிசையாக நிற்கின்றன. அழித்துவிடலாம் என்று விரல் போகும். பிறகு திரும்பிவிடும்.

மகள் படித்த படிப்புக்கு ஏதாவது ஒரு நகரத்தில் குளுகுளு அறையில் உட்கார்ந்திருக்கலாம். அவளோ கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், மலைமேல் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். விடிந்ததும் தொழிலாளர் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு மலைப்பாதை வழியாகப் போவாள். சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குவாள். பத்துப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினாறு பேர். கேட்டால், "நெருக்கமா இருந்தாத்தான் வளைவுல ஆடாதும்மா" என்பாள். பாதுகாப்பைப் பற்றி இதைவிட ஆறுதலான விளக்கத்தை ஒரு தாய் கேட்டிருக்க முடியாது.

அன்று காலை எங்களுக்குள் சண்டை. முந்தைய மூன்று நாளும் ஏழு மணிக்கு வருகிறேன் என்று சொல்லி எட்டுக்கு வந்திருந்தாள். நான் சோற்றை மூன்று முறை சுடவைத்திருந்தேன். ஆகவே வாசலில் வைத்து, "இன்னைக்காவது சொன்ன நேரத்துக்கு வா. இல்லன்னா வரவே வேணாம்" என்றேன். வரவே வேண்டாம். படித்த நான், இரண்டு பட்டம் வாங்கிய நான், மலைப்பாதையில் போகிற பிள்ளையிடம் சொல்லி அனுப்பிய வாசகம் அது.

அவள் சிரித்தாள். "இன்னைக்கு நீ சுடவைக்கிற சோலியே இல்ல. அந்த மிசினை எறக்கு. மீன்காரண்ணன்கிட்ட எறால் வாங்கி, மசாலா தடவி வை. நான் பஸ் ஸ்டாண்டுல எறங்கி போன் பண்றேன், அப்ப உள்ள வை. நான் வீட்டுக்கு நடந்து வாரதுக்குள்ள வெந்துரும். எட்டே நிமிசம்."

மிசின் என்றது ஏர் ஃப்ரையரை. அவள்தான் ஆன்லைனில் வரவழைத்தாள். இரண்டு வாரமாகக் குளிர்பதனப் பெட்டியின் தலைமேல், நான் போர்த்திய துண்டோடு, காய்ச்சல்காரன்போல உட்கார்ந்திருந்தது.

இறால் வாங்கினேன். கடலையே பார்க்காத ஊரில் ஐஸ் பெட்டியோடு வண்டியில் வந்து, "காலையில புடிச்சதுக்கா" என்று மீன்காரர் கூசாமல் சொல்வார். உரித்து, குடலை எடுத்து, மிளகாய்த்தூள், மஞ்சள், பூண்டு, எலுமிச்சை, ஒரு கரண்டி எண்ணெய் போட்டுப் பிசறி வைத்தேன். ஆறேகாலுக்கு மலையிலிருந்து பேசினாள். "மழை லேசா தூறுது, கெளம்பிட்டோம், ஏழேகாலுக்கு வந்துருவேன்." ஆறு நாற்பத்திரண்டுக்கு நான் அழைத்தபோது ஒரு மலையாளப் பெண்மணி, நான் அழைக்கும் ஆள் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக மிக இனிமையாகத் தெரிவித்தார். அந்தக் குரலில் இருந்த நிதானம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கிடையாது.

ஒருவருக்கு உண்டு. என் கணவருக்கு. ஏலக்காய்க் கடையை அடைத்துவிட்டு வந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன் போகலைங்க."

"வந்துருவா."

"மழைங்க அங்க."

"மழைன்னா நனைஞ்சுட்டு வந்துருவா."

ஏழேகால் ஆயிற்று. ஏழரை ஆயிற்று. அவருடைய வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. மெட்டு ரோட்டில் யானை அளவுக்கு ஒரு பாறை, பக்கத்தில் குடை பிடித்த நான்கு பேர். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது போன வருசத்துக் கல்லு. குடை புடிச்சிருக்கிறவன் நம்ம கடைக்கு வந்து போனவன், இப்ப துபாய்ல இருக்கான்" என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கவேண்டிய தகவல்தான். ஆனால் போன வருடத்துக் கல் விழுந்த இடத்தில் இந்த வருடத்துக் கல் விழக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையே.

சும்மா நிற்க முடியவில்லை. துண்டை உருவிவிட்டு மிசினைத் திறந்தேன். இறாலைக் கூடையில் பரப்பி உள்ளே தள்ளினேன். அவள் பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்துவிட்டதாக நானே முடிவு செய்துகொண்டேன். உள்ளே வைத்தால் அவள் வந்துவிடுவாள் என்று ஒரு கணக்கு. இதைப் பட்டம் வாங்கியவள் என்ற முறையில் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

மிசின் சுழல் காற்றைச் சுடவைத்து ஊதியது. அதைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது. ஏனென்றால் இது எனக்குத் தெரிந்த சமாச்சாரம். ஏலக்காய் உலர்த்தும் அறையை மலையில் ஸ்டோர் என்பார்கள். அங்கேயும் இதேதான்: தட்டு, சூடு, காற்று. நான் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் ஏலக்காய்தான் சோறு போட்டது. காய் உலர்ந்துவிட்டதா என்று யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. ஒரு கை அள்ளிக் காதருகே வைத்துக் குலுக்குவோம். உள்ளே விதை கலகலவென்று பேசினால் ஆயிற்று. பேசாவிட்டால் ஈரம் இருக்கிறது, இன்னும் கிடக்கட்டும்.

மகள் அனுப்பிய வீடியோவில் பாதியில் கூடையை எடுத்துக் குலுக்கச் சொன்னார்கள். குலுக்கினேன். காது கொடுத்துக் கேட்டேன். பொத்துப் பொத்தென்று சத்தம். ஈரம். திரும்பத் தள்ளினேன். எட்டு நிமிடம் முடிந்து மணி அடித்தது. குலுக்கினேன். இன்னும் பேசவில்லை. மறுபடி எட்டு நிமிடம். நடுவில் மலையாளப் பெண்மணியை அழைத்தேன். மறுபடி எட்டு. எட்டு நிமிடத்துக்கு ஒரு முறை குலுக்குவதும் அழைப்பதுமாக இருந்தேன். காலையில் வாசலில் சொன்ன அந்த இரண்டு வார்த்தையை மட்டும் காது விடாமல் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

எட்டு மணி இருபதுக்கு இறால் பேசியது. கலகலவென்று, முதல் தரக் காய்போல.

கணவர் சத்தம் கேட்டுச் சமையலறைக்கு வந்தார். முன்பு விரல் நீளமிருந்த இறால், இப்போது கொக்கிபோல வளைந்து, நகத்தளவில் கிடந்தது. ஒன்றை எடுத்துக் காதில் வைத்துக் குலுக்கினார். பிறகு கடித்தார். கடிபடவில்லை.

"சாக்குல கட்டி வச்சா ஒரு வருசம் கெடாது" என்றார்.

நான் அழுதேன். அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு சட்டையை மாட்டினார். வண்டிச் சாவியைத் தேடினார். சாவி அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. பையைத் தடவிய கை அதைத் தாண்டி மேசைக்குப் போயிற்று, அலமாரிக்குப் போயிற்று, மறுபடி பைக்கு வந்தது. வந்துருவா, வந்துருவா என்று சொல்லிக்கொண்டிருந்த ஆளின் கை அது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

அப்போது தெருவில் ஜீப் சத்தம். வழக்கமாக பஸ் ஸ்டாண்டோடு நின்றுவிடும் ஜீப், எங்கள் வாசலுக்கே வந்து இரைந்தது. பின்னால் இருட்டுக்குள் முழுக்க ஈரத் தலைகள். டிரைவர் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "அக்கா, மரம் விழுந்து கெடந்துச்சு. டவரும் இல்ல. நம்ம பொம்பளையாளுகளே அருவாளால கெளையை வெட்டித் தள்ளிட்டுத்தான் வர்றோம். ஏசிராதீக!"

மகள் இறங்கினாள். முழங்கால்வரை சேறு, ஒரு காலில் மட்டும் செருப்பு. நான் வாசல்வரை ஓடினேன். அவள் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளேயிருந்து வந்த வாடையை ஒரு முறை மோந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"சொன்ன நேரத்துக்கு வரலம்மா. உள்ள வரட்டுமா? ஜீப்புல பதினஞ்சு பேரு பசியோட இருக்காக, எறால் பத்துமா?"