டைமிங் பெல்ட் மாற்றிய நாள்

தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் எங்கள் பழைய வேனின் டைமிங் பெல்ட்டை மாற்றாமல் அப்பா தள்ளிப்போட்டார்.

“சத்தம் வரட்டும், பாப்போம்.”

“அது சொல்லிட்டு அறாது அண்ணாச்சி. கிலோமீட்டர் ஓடலன்னாலும் வருசம் ஆயிட்டுல்லா? நடு ரோட்டுல, பிள்ளைய உள்ள இருக்கும்போது அறுந்து எஞ்சின் நின்னா?” என்றார் மெக்கானிக்.

ஒரு நாள் நிறுத்தினாலும் பிள்ளைகள் போட்டி வேன்காரர் செல்வத்திடம் போய்விடுவார்கள் என்பதே அப்பாவின் பயம். ஆனாலும் மறுநாள் அந்தச் செல்வத்திடமே பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு வேனைப் பட்டறையில் விட்டார்.

மாலையில் செல்வம் வீட்டுக்கே வந்தார்.

“பெல்ட் மாத்தியாச்சாவே? சலோ, நாளைக்கு நீரே வந்துரும். உம்ம வேன் பிள்ளைய வழியெல்லாம் ‘அங்கிள் எங்கே’ன்னு உசிர வாங்கிட்டுதுவ.”

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். செல்வத்தின் வேன் பாதி காலியாகவே ஓடுவதை நான் அறிவேன். அவரைப் போட்டியாளர் என்று சொல்ல அதன்பின் எனக்கு நா எழவில்லை.