கம்பளிக்குத் துடக்கில்லை

பண்டத்தரிப்பு வெயிலிலே கம்பளிச் சட்டை பின்னிய பெண்பிள்ளைகள் நாங்கள். இப்போது சொன்னால் சிரிப்பார்கள். அப்போதும் சிரித்தார்கள். நூலுருண்டையை மடியில் வைத்திருந்தாலே தொடை வேர்க்கும். ஊசி விரலுக்குள் வழுக்கும். ஒரு வரிசை முடிவதற்குள் உள்ளங்கையைப் பாவாடையில் எத்தனையோ தடவை துடைத்துவிடுவோம். "ஆருக்கடி பிள்ளை உது? சூரியனுக்கோ?" என்று தோட்டத்துக்குப் போகிறவர்கள் வேலிக்கு மேலால் கேட்டுவிட்டுப் போவார்கள்.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் குளிரில் நடுங்குகிற பிள்ளைகளுக்கு என்று மிசியம்மா சொல்லியிருந்தார். மிசியம்மா என்பது எங்கள் பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்காரப் பெண்மணி. பின்னலுக்கு வேண்டிய மாதிரிகளையெல்லாம் அவரே உண்டாக்குவார். கட்டம் போட்ட தாளும் பென்சிலுமாகத்தான் எந்நேரமும் திரிவார். கண்ணில் பட்டதெல்லாம் கட்டத்துக்குள் போய்விடும். கோயில் வாசல் கோலம் ஒரு சட்டையின் விளிம்புக்குப் போனது. ஒரு நாள் எரு சுமந்துகொண்டு போன ஒருத்தியைத் தெருவில் மறித்து, அவளுடைய பனையோலைக் கடகத்தை வாங்கிக் கவிழ்த்து, முட்டுக்காலில் நின்று அதன் இழையை எண்ணினார். அவள் பயந்தே போனாள். அடுத்த கிழமை அந்தக் கடகத்து இழை சட்டை நெஞ்சுக்கு ஏற்ற மாதிரியாக எங்கள் கையில் இருந்தது.

அந்தக் கடக மாதிரிதான் எனக்கு வந்தது. மற்றப் பிள்ளைகள் அதைக் கண்டு ஓடினார்கள். நேராய்ப் பின்னிக்கொண்டு போய், இடையில் திருப்பிப் பின்னி, மறுபடி நேராக்கி என்று எந்நேரமும் புத்தி அதிலேயே இருக்கவேண்டும். எனக்கு அது பிடித்துப்போயிற்று. கணக்கிலும் இலக்கணத்திலும் நான் பின்வாங்கில், கடைசிப் பிள்ளைகளோடு இருப்பவள். பின்னலில் மட்டும் என்னை அசைக்க ஆளில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

என் சட்டை பாதி வளர்ந்திருந்தபோது மிசியம்மா என்னை அழைத்தார். அவர் பேசுவது வேதப் புத்தகத் தமிழ். "பிள்ளையே, பட்டினத்து விடுதிப் பள்ளிக்கூடத்திற்கு நான் ஒருத்தியை அனுப்பலாம். அவள் அங்கே கற்று, பின்பு ஆசிரியையாக இருப்பாள். நீ போவாயா?" என்றார். நான் தலையாட்டினேன். "ஆகிலும் உன் தகப்பனிடத்தில் நானே கேட்கவேண்டும். சட்டை காட்டும் நாளில் அவரைக் கூட்டிக்கொண்டு வா."

சட்டை காட்டும் நாள் வருஷத்துக்கு ஒரு முறை வரும். பள்ளிக்கூடத்து வேம்புக்குக் கீழே தாய் தகப்பன்மாரை இருத்திவிட்டு, பின்னிய பிள்ளைகள் தங்கள் தங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னால் நடக்கவேண்டும். மேசையில் பரப்பி வைப்பது மிசியம்மாவுக்குப் பிடிக்காது. "கொடியில் தொங்குவது துணி. மனுஷர்மேல் நடப்பதே வஸ்திரம்," என்பார். நடந்து முடிந்த பிறகுதான் சட்டைகள் துவைத்து மடிக்கப்பட்டு மலைநாட்டுக்குப் போகும்.

எனக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். நான் பெரியபிள்ளையாகிவிட்டால் பள்ளிக்கூடம் நின்றுவிடும். எங்கள் பக்கத்தில் அதை ஒருவரும் ஒரு தீர்மானமாக எடுப்பதில்லை. விடிந்தால் வெளிச்சம் வருவதுபோல அது நடக்கும். ஆனால் என் தகப்பனை, ஐயாவை, எனக்குத் தெரியும். புகையிலைத் தோட்டத்தில் இடியேறு மாதிரி முழங்குகிற மனுஷன், ஒரு பெரிய ஆள் நேரில் கேட்டால் முகத்தை முறிக்கத் தெரியாமல் "ஓம்" என்றுவிடுவார். அப்படி 'ஓம்' சொல்லியே எங்கள் வண்டில் மாடு வருஷத்தில் பாதி நாள் ஊரார் வீட்டில் நின்றது. மிசியம்மா ஊரார் முன்னால் கேட்டால் ஐயா சொல்லக்கூடிய மறுமொழி ஒன்றுதான். கொடுத்த வாக்கைப் பிறகு மாற்றவும் மாட்டார். அதற்குப் பிறகு நான் பெரியபிள்ளையானாலும் கிழவியானாலும் பட்டினத்துக்குப் போவேன். அதுதான் என் கணக்கு. கணக்கில் பின்வாங்கில் இருந்தவள் போட்ட கணக்கு.

கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. சட்டை காட்டும் நாள் வருகிற அந்தக் கிழமையிலேயே நான் பெரியபிள்ளையானேன்.

அம்மா என்னை உள்ளறையில் பாயில் இருத்தினாள். இணுவிலிலிருந்து மாமி வந்து இறங்கினாள். மாமி ஐயாவின் தமக்கை. ஆசாரத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் வந்தால் எங்கள் வீட்டுக் கோழிகூட ஒதுங்கித்தான் நடக்கும். எனக்குத் துடக்கு; தண்ணீர் வார்த்துச் சடங்கு முடியும் வரைக்கும் நான் தொட்டதை யாரும் தொடக்கூடாது, என்னையும் தொடக்கூடாது. வெளிக் காற்றுப் படக்கூடாது. நல்லெண்ணெயும் முட்டையும் உளுத்தங்களியும் நாள் முழுக்க வந்துகொண்டேயிருந்தன. என் சட்டையில் ஒரு கை முடியாமல் இருந்தது.

"அம்மா, அந்தப் பின்னலை மட்டும் தாங்கோவன்," என்று அழுதேன்.

அம்மா மாமியைப் பார்த்தாள். மாமி பின்னலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு நீதவான் மாதிரிச் சொன்னாள்: "குடுக்கலாம். ஊசி இரும்பு. கையிலை இரும்பிருந்தால் பேய் பிசாசு அண்டாது. கம்பளிக்கும் பட்டுக்கும் துடக்கில்லை. பருத்திதான் துடக்குப் பிடிக்கும்."

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. அதற்கும் வழியில்லை. கதவிடுக்கு வெளிச்சத்தில் குந்தியிருந்து சட்டைக் கையைப் பின்னி முடித்தேன். அந்த நாட்களில் ஒரு பைத்தியக்கார நம்பிக்கை வேறு எனக்கு வந்துவிட்டது. கம்பளிக்கு வழி கண்டுபிடித்த மாமி எனக்கும் ஏதாவது கண்டுபிடிக்கமாட்டாளா? கடைசியில் வாய்விட்டுக் கேட்டேன்.

"மாமி, சட்டையைப் போட்டுக்கொண்டு போய் ஒருக்கால் நடந்திட்டு வாறன். கம்பளிதானே மேலெல்லாம் மூடியிருக்கும்."

மாமி சிரித்தாள். கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "சட்டை போகலாம். நீ போகேலாது," என்றாள்.

சட்டை போயிற்று. அதற்கு ஓர் உடம்பு வேண்டுமே; என் தங்கச்சியைப் பிடித்தார்கள். அவள் என்னைவிட இரண்டு வகுப்புக் கீழே. பனங்கிழங்கு தின்னத் தெரியும், மதகடியில் மீன் பிடிக்கத் தெரியும், ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. என் அளவுக்குப் பின்னிய சட்டை அவளுக்கு முழங்கால் வரைக்கும் வந்தது. அறை வாசலில் நின்று, தொங்குகிற கைகளை ஆட்டிக் காட்டிச் சிரித்தாள். எனக்கு அவளைக் கிள்ளவேண்டும் போலிருந்தது. ஐயா மிசியம்மாவுக்கு வாறன் என்று சொல்லியிருந்ததால் தோளில் சால்வையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். ஆசாரக்கார மாமியும் வெள்ளைக்காரியைக் கிட்ட நின்று பார்க்கும் ஆசையில் பின்னாலே போனாள்.

அன்று பகல் முழுவதும் நான் அந்த வேம்புக்குக் கீழேதான் இருந்தேன், உடம்பு மட்டும் பாயில். இப்போது வரிசையாக நிற்பார்கள். இப்போது அவள் நடப்பாள். இப்போது மிசியம்மா ஐயாவுக்குக் கிட்ட வருவார். ஐயாவுடைய 'ஓம்' எனக்குக் காதிலேயே கேட்டது. என்னை மறந்துவிடாதேயுங்கோ என்று பிள்ளையாரையும் கும்பிட்டேன், மிசியம்மாவின் சாமியையும் கும்பிட்டேன். துடக்கோடு கும்பிடக்கூடாது என்பது பிறகுதான் நினைவு வந்தது.

பின்னேரம் திரும்பி வந்தார்கள். மாமி முற்றத்தில் நின்றுகொண்டே அம்மாவுக்குக் கதை சொன்னாள்.

"எடி, எருக்கடகத்தை நெஞ்சிலை கட்டிக்கொண்டு போனமாதிரி இவள் போனாள். பார்த்தால் எல்லாரும் கைதட்டுகினம்! அந்த மனுசி ஓடிவந்து சட்டையைத் தடவிப் பார்த்துக் கண்கலங்கிப்போனா. பிறகு தம்பியட்டை வந்து, இதைப் பின்னின மகள் எங்கை, அவளைப் பட்டினத்துக்கு அனுப்புவியளோ எண்டு கேட்டா."

நான் பாயிலிருந்து எழுந்து கதவோடு காதை வைத்தேன்.

"தம்பி பாவம், வேர்த்து ஒழுகுது. சனமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்குது. மூத்தவள் பெரியபிள்ளையாகிவிட்டாள், இனி அனுப்பேலாது எண்டான். மனுசியின்ரை முகம் விழுந்துபோச்சு. அதைப் பார்க்கேலாமல் உடனை, இவளைக் கூட்டிக்கொண்டு போங்கோ அம்மா, இவள் சின்னப்பிள்ளைதானே எண்டு தங்கச்சியைப் பிடிச்சு முன்னாலை விட்டான். அந்தச் சட்டையோடை! மனுசி கனநேரம் யோசிச்சா. பிறகு ஓம் எண்டிட்டா."

ஐயா முகத்தை முறிக்கவில்லை. நான் கணக்குப் போட்டது போலவேதான் நடந்துகொண்டார்.

இருட்டுவதற்கு முன் அவர் என் அறைப் பக்கம் வந்தார். உள்ளே பார்க்காமல், மற்றப் பக்கம் திரும்பி நின்றார்.

"பிள்ளை, மிசியம்மா நேரை நிண்டு கேட்டவ. நான் என்னெண்டு இல்லையெண்டு சொல்லுறது?"

"அப்ப எனக்கு மட்டும் சொல்லலாமோ, ஐயா?"

அவர் சால்வையை உதறித் தோளில் போட்டார். அழுதாரோ தெரியாது, முதுகைப் பார்த்து என்னத்தைச் சொல்வது. பிறகு மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார். யோசித்துப் பார்த்தால், பட்டினம் இல்லையென்று என் முகத்துக்கு நேரே அவரும் சொல்லவில்லை, ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன்.

அடுத்த நாள் தங்கச்சி வந்து என் அறை நிலைப்படிக்கு வெளியே குந்தினாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, எனக்குப் பின்னத் தெரியாது. அங்கை போனால் என்ன செய்யிறது? நான் போகமாட்டன் எண்டு ஐயாட்டைச் சொல்லு."

"நாய் பெற்ற தெங்கம்பழம்," என்றேன். "போ. போய் மாமியட்டைக் கேள்."

அவள் போகவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அங்கேயே இருந்தாள். எவ்வளவு கோபமிருந்தாலும் அவள் குற்றம் இதில் ஒன்றுமில்லை. அதனால் கோபத்தைக் கொண்டுபோய் வைக்க எனக்கு இடமில்லாமல் போயிற்று. மிஞ்சியிருந்த நூலையும் ஊசியையும் நிலைப்படிக்கு மேலால் உருட்டி விட்டேன். எடுத்துத் தலைகீழாகப் பிடித்தாள்.

"மற்றக் கை. உப்பிடியில்லை. நூலை விரலுக்கு மேலாலை விடு."

ஊசியில் முதற் கண்ணியைப் போட்டாள், கழன்றது. மறுபடி போட்டாள், இறுகிப்போயிற்று. அந்தச் சுட்டுவிரலை ஒரு தரம் பிடித்து வளைத்துவிட்டால் போதும். என் விரலுக்கு அது தெரியும், வாயால் சொல்ல வராது. என்னையறியாமல் கையை நீட்டிவிட்டேன்.

"தொடாதை!" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். இரண்டு பேரும் கையை இழுத்துக்கொண்டோம். ஊசி நிலத்தில் விழுந்தது.

அவளுக்குப் பின்னல் வராவிட்டால் விடுதியிலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள். அனுப்பினாலும் அந்த இடத்துக்கு என்னைக் கூப்பிடப் போவதில்லை. அது எனக்குத் தெரியும்.

"எடு," என்றேன். "முதலிலையிருந்து போடு. நான் பார்த்துச் சொல்லுறன்."