வழுக்கைத் தலையும் கிரேக்க உடம்பும்

ரோமாபுரியின் பாதி வீட்டு முற்றங்களில் லைக்கோன் செதுக்கிய முகங்கள் நிற்கின்றன. முகங்கள் மட்டும்தான் அவன் வேலை. உடம்புகள் ஏதென்ஸிலிருந்து கப்பலில் வந்து எங்கள் பட்டறையில் இறங்கும், தலையில்லாமல், பொட்டுத் துணியில்லாமல், கட்டிளங்காளைகளாக. செத்துப்போன ரோமானியரின் முகத்தைச் செதுக்கி மேலே பொருத்துவான் லைக்கோன். இதுதான் நாகரிகம் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வரும். பளிங்கு தேய்க்கிறவனின் சிரிப்பை யார் மதித்தார்கள்?

லைக்கோன் கொரிந்துக்காரன், அடிமை. ஒப்பியா என்ற பணக்கார விதவை புருஷனுக்குச் சிலை கேட்டபோது, முதலாளி ஃபூரியுஸ் அவனைக் கூப்பிட்டார்.

"அந்தம்மா எடுத்துக்கிட்டாங்கன்னா உன்னை விடுதலை பண்ணிடறேன். வேணாம்னுட்டாங்கன்னா நீ மலையில கல்லு உடைக்கத்தான் போகணும்."

செத்தவர் கோதுமை வியாபாரி. வழுக்கை, பெருந்தொந்தி, கிரேக்கம் என்றாலே முகம் சுளிக்கிறவர். செத்ததும் அவர் முகத்தில் அச்செடுத்த மெழுகு முகமூடியைப் பார்த்து ஒரு சுருக்கம் விடாமல் செதுக்கினான் லைக்கோன்.

பார்க்க வந்த அன்று ஒப்பியாவோடு அவள் கொழுந்தன் மானியுஸும் வந்தார். பார்த்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"என்னடா இது, எங்கண்ணனை அம்மணமா நிறுத்தி வச்சிருக்கே?"

"கிரேக்க வீரருங்க அப்படித்தாங்க நிப்பாங்க," என்றான் லைக்கோன்.

"கோதுமை வித்தவருடா அவரு. எந்தச் சண்டைக்குப் போனாரு? அண்ணி, வாங்க போலாம். குடும்ப மானமே போச்சு."

முதலாளி லைக்கோனை முறைத்தார். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான், சில்லென்று இருந்தது. கல்லுடைக்கப் போனவன் எவனும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

ஒப்பியா சிலையைச் சுற்றி வந்தாள். அந்தத் தட்டை வயிற்றில் கை வைத்தாள்.

"காலம்பூரா அந்தத் தொந்தியோட குடும்பம் நடத்தியாச்சு, மானியுஸ். இனிமேலாவது லட்சணமா இருக்கட்டும்."

"அண்ணன் சம்மதிப்பாரா, அண்ணி?"

"அவரு எங்க பேசப்போறாரு? பக்கத்து வீட்டுக்காரியும் இப்படித்தான் வச்சிருக்கா. நான் மட்டும் பட்டிக்காடா? வண்டியில ஏத்துங்கப்பா."

முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். விடுதலையான லைக்கோன், ஊர் வழக்கப்படி, ரோமாபுரிக் குடிமகனானான். அதன்பிறகும் அம்மண வீரர்களுக்குத் தலை செதுக்கியே காலத்தைத் தள்ளினான். தன் கல்லறைச் சிலையையும் தானே செய்துவைத்தான். அதில் குடிமக்களுக்கு மட்டும் உரிய டோகா அங்கியில் நிற்கிறான், கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிக்கொண்டு.

"ஊரையே அவுத்து நிறுத்தினவன் நீ. உனக்கு மட்டும் எதுக்குடா இவ்வளவு துணி?" என்று கேட்டேன்.

"அவங்க பொறக்கும்போதே இந்த டோகா அவங்களோடது, கழட்டிப் போடலாம்," என்றான். "நான் எப்படிடா கழட்டுவேன்?"