செல்லம்மா நிறுத்த விடாத ஆட்டம்

எங்கள் ரயில்வே காலனி மைதானத்தில் ரோலர் இழுப்பதும் பிட்சைத் தார்ப்பாயால் மூடுவதும் செல்லம்மாவின் வேலை. பதினோரு வருஷமாக வானத்தைப் பார்த்தே மூடித் திறக்கிறார். ஆனாலும் ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பதற்கு எங்கள் கமிட்டியே சாட்சி. ஸ்கோர் எழுதும் நானும் அதில் ஒருவன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

மே மாதம், பெண்கள் கிரிக்கெட் இறுதி ஆட்டம். எங்கள் அணிக்கு ஆறு ஓவரில் நாற்பது ரன் வேண்டும். ஆட்டம் நின்றால் புள்ளிக் கணக்கில் கோப்பை எதிரணியான உப்பலுக்குப் போய்விடும். காலையிலிருந்து மண்டையைப் பிளந்த வெயில், மூன்று மணிக்கு இடியோடு மழையாகக் கொட்டியது.

அம்பயர் நாராயணஸ்வாமி பிறந்து வளர்ந்தது கடலுக்கு வெகுதூரத்தில் உள்ள இதே ஊர் மாரெட்பள்ளியில். வானிலைக்கு மட்டும் சென்னைச் செய்திதான் அவருக்கு வேதவாக்கு. செல்போனை நீட்டினார்.

"வங்கக் கடல்ல தாழ்வு மண்டலமாம். ரெண்டு நாளைக்கு விடாது. ஆட்டம் ரத்து!"

"நக்கோ சார், வேணாம்!" என்று செல்லம்மா கத்தினார். "அது மெட்ராஸ் மழை. நாலா பக்கத்துக் காத்தையும் இழுத்துச் சுருட்டி நாள் முழுக்கப் பெய்யும். இது நம்ம வெயில் கிளப்பின மழை. தரை சுட்டு, காத்து மேல ஏறி, குளிர்ந்து கொட்டுது. கொட்டுற குளிர்ச்சியிலயே ஏறுற சூடு அடங்கிடும். ஒரு மணி நேரம், அவ்ளோதான்."

"உனக்கு என்ன தெரியும்? மேற்கே மலை தாண்டி வர்ற மழையா இருந்தா?"

"மலை ஏறுற காத்து, பாரத்தை அந்தப் பக்கமே இறக்கிட்டுதான் வரும். நமக்கு மிச்சம் மீதிதான், அதுவும் ஆனி பொறந்து. நாலு மணிக்கு இது நிக்கலைன்னா நாளைக்கு நான் வேலைக்கு வரல சார்!"

அந்தச் சம்பளத்தில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"தோடா ருக்கோ, கொஞ்சம் பொறுங்க சார், ஆன்ட்டி சொன்னா கரெக்டா இருக்கும்" என்று கெஞ்சினாள் கேப்டன் ரக்ஷிதா.

"சரி, நாலு. ஒரு நிமிஷம் தாண்டக் கூடாது."

மூன்றே முக்காலுக்கும் ஊற்றியது. மூன்று ஐம்பதுக்குத் தூறலானது. நாலு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கையில் சுள்ளென்று வெயில்! செல்லம்மாவும் பெண்களும் சாக்குப் போட்டுத் தண்ணீரை ஒற்றி எடுத்தார்கள். ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. கடைசி ஓவரில் ரக்ஷிதா அடித்த பந்து எல்லைக் கோட்டைத் தாண்டியபோது நான் ஸ்கோர் நோட்டை வீசிவிட்டுக் குதித்தேன்.

ரக்ஷிதா கோப்பையை வாங்கிய கையோடு ஓடிப்போய், சேறு படிந்த செல்லம்மாவின் கையில் கொடுத்தாள். அவர் வாய்விட்டு அழுதார். நாராயணஸ்வாமி எல்லோர் முன்னாலும் எழுந்து போய்க் கைகூப்பினார்.

"செல்லம்மா, இனிமே மழைக்கு நீங்கதான் அம்பயர்."