சவரிமுத்து அண்ணன் முழுங்கிய கேமரா

வேறு டாக்டர்களிடம் போகிறவர்கள் வாசலிலேயே வலிக்கிற இடத்தைச் சொல்லிவிடுவார்கள். வயிற்று டாக்டரிடம் வருகிறவர்கள் மட்டும் ரிசப்ஷன் மேஜைமேல் குனிந்து, கடத்தல்காரர்கள் மாதிரி ரகசியக் குரலில் ஆரம்பிப்பார்கள். ப்ளஸ் டூ முடித்த கையோடு ராயபுரத்தில் அப்படியொரு கிளினிக்கில் நான் ரிசப்ஷன் வேலைக்கு உட்கார்ந்தேன். எந்தக் குரலைக் கேட்டாலும் அதே மாதிரி பேசிப் பார்க்காவிட்டால் எனக்குத் தொண்டை அரிக்கும். டாக்டர், நர்ஸ், ரிவர்ஸ் எடுக்கும் கன்டெய்னர் லாரி, எல்லாம் வரும். மேஜைக்குப் பின்னால் சிரிப்பை அடக்கி வயிறு வலித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பாடு புரியும்.

எந்தப் பக்கம்?

சவரிமுத்து அண்ணன் காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். ஐம்பது பேர் கத்துகிற இடத்தில் அவர் குரல் தனியாக மேலே நிற்கும். அவரே என் மேஜையில் குனிந்து, ஒரு மாதமாக வெளிக்குப் போகும்போது ரத்தம் வருகிறது என்று கிசுகிசுத்தார். அவர் அப்பா குடல் புற்றுநோயில் போனவர் என்பதால், குழாய் விட்டுப் பெருங்குடலை உடனே பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். குழாய் எந்தப் பக்கமாகப் போகும் என்று அண்ணன் கேட்டார். நான் சொன்னேன். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

கூட வந்திருந்த அவர் மனைவி பிலோமினா அக்கா, மார்க்கெட்டில் மீன் விற்கிறவர், சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். டாக்டர் இன்னொரு வழி சொன்னார். புதிதாக ஒரு கேமரா மாத்திரை வந்திருக்கிறது. முழுங்கினால் போதும், விளக்குப் போட்டு வழியெல்லாம் படம் எடுத்துக்கொண்டே போய்த் தானாக வெளியே வந்துவிடும். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “வாய் வழியா இன்னா வேணா குடு டாக்டரு, முழுங்கறேன். அந்தாண்ட வாசல மட்டும் வுட்டுடு.”

பட்டினி

குழாய்க்கு என்ன பேதி மருந்தோ, கேமராவுக்கும் அதேதான். இதைச் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. முந்தின நாள் எதுவும் சாப்பிடக் கூடாது, தெளிந்த தண்ணீர் ஆகாரம் மட்டும் என்று அண்ணனிடம் என் குரலில் ஒரு தடவையும் நர்ஸ் குரலில் ஒரு தடவையும் சொல்லி அனுப்பினேன்.

முழுங்க வந்த அன்று காலை கேட்டபோது, ஒரு பருக்கை கூடத் தொடவில்லை என்று மாதா மேல் சத்தியம் செய்தார். பிலோமினா அக்கா சாட்சி. நர்ஸ் மட்டும் சந்தேகப்பட்டு, “அப்போ வெறும் தண்ணிதானா?” என்றார். “தண்ணியும் மீனும்” என்றார் அண்ணன். அவர்கள் வீட்டில் தட்டில் சோறு விழுந்தால்தான் சாப்பாடாம். மீன் கணக்கில் வராதாம். இன்னொரு நாள் பேதி என்று டாக்டர் சொன்னதும் அண்ணன் என்னைத்தான் முறைத்தார். “நாலு துண்டு வஞ்சிரம் வாயில போட்டா அதுக்குப் பேரு சாப்பாடா? நீ எந்த ஊரு பாப்பா?”

பச்சை விளக்கு

ஒருவழியாக முழுங்கினார். வயிற்றில் சென்சார் ஒட்டு, இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் படங்களைப் பிடித்து வைக்கும் பெட்டி. படுக்காமல் நடமாடிக்கொண்டிருங்கள் என்றதும் நேராக ஹார்பருக்கே நடந்துவிட்டார். பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்க டாக்டர் என்னைப் பின்னால் அனுப்பினார்.

தாமதமாக வந்த ஒரு போட்டின் மீனை அண்ணன் ஏலம் விட ஆரம்பித்தார். அவர் வயிற்றுக்குள் கேமரா ஓடுகிற விஷயம் அதற்குள் பரவிவிட்டது. எதிரில் நின்ற வியாபாரிகள் தலை வாரிக்கொண்டார்கள். ஒருத்தர் மடித்துக் கட்டிய லுங்கியை மரியாதையாக இறக்கிவிட்டார். நான் சும்மா இருப்பேனா? பெட்டியிடம் குனிந்து, செய்தி வாசிக்கிற அம்மா மாதிரி, “கேமரா தற்போது சிறுகுடலைக் கடந்து செல்கிறது” என்றேன். கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. அண்ணனின் தோஸ்து ஒருவர் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கெஞ்சினார். “வாயத் தொறந்து என் பக்கம் திரும்பாத மாமு, நான் ஊர்லயே இல்லேன்னு வூட்ல சொல்லி வச்சிகீறேன்.”

டாக்டர் பேசுகிறேன்

படத்தில் பெருங்குடலில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு சதை வளர்ச்சி தெரிந்தது. இப்போதே எடுத்துவிட்டால் ஒன்றுமில்லை, விட்டால் அப்பாவுக்கு வந்ததே வரலாம் என்றார் டாக்டர். கேமராவுக்குப் பார்க்கத்தான் தெரியும். எடுக்கக் குழாய்தான் போக வேண்டும். அண்ணன் எழுந்து போனவர்தான். மூன்று தடவை நாள் குறித்தோம், மூன்று தடவையும் வரவில்லை.

போன் எடுத்தேன். டாக்டரின் கட்டைக் குரலில், “சவரிமுத்து, நாளைக்குக் காலைல வரணும், ஓகேவா?” என்றேன். என் குரல் ஏமாற்றாத ஆள் கிடையாது. ஆனால் இவர், திரும்பிப் பார்க்காமலே கேட்டது எந்த வியாபாரி என்று கண்டுபிடித்து ஏலம் விடுகிற மனுஷர். “டாக்டரு வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்குவாரு, உனக்கு வாங்கல. போனை வையி பாப்பா.”

வைத்தேன். குறும்பு செய்தால் வருகிற சிரிப்பு அன்றைக்கு வரவில்லை.

ஏலம் முடிந்த மீன்

மறுநாள் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய், பிலோமினா அக்காவிடம் என் சொந்தக் குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் வீட்டில் “ஒண்ணியும் இல்லியாம்” என்று சொல்லி வைத்திருந்தாராம். அக்கா செதிள் ஒட்டிய கையாலேயே படத்தை வாங்கிக்கொண்டு ஏலக் களத்துக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

களத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏலம் முடிந்தால் எடுத்தவன் அந்த நிமிஷமே கூடையைத் தூக்க வேண்டும். தூக்காமல் டீ குடிக்கப் போகிறவனை அண்ணன் திட்டுகிற திட்டு இருக்கிறதே, என்னாலேயே அதை வீட்டில் பேசிக் காட்ட முடியாது. அக்கா அத்தனை பேர் முன்னால் படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். “மீனை வெயில்ல போட்டுட்டுப் போறவன அந்தத் திட்டு திட்டுவியே, உன் வவுத்துல கீறத மட்டும் யாருய்யா வந்து தூக்குவான்?”

கூறு

அந்த வாரமே அண்ணன் வந்து படுத்தார். மயக்க ஊசி போட்டு அரை மணி நேரத்தில் எடுத்தாகிவிட்டது. எடுத்ததைச் சின்ன பாட்டிலில் போட்டு டாக்டர் காட்டினார். அக்கா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பரிசோதனை முடிவு வருகிறவரை ஒரு வாரம், தினமும் மீன் விற்றுவிட்டு நேராக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த வாரம் முழுக்க நான் யார் குரலிலும் பேசவில்லை.

முடிவு வந்தது. புற்றாகக் கெடவில்லை, விட்டிருந்தால் கெட்டிருக்கும். டாக்டர் சொல்லி முடித்ததும் அக்கா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினார். “இத்துனூண்டுக்கா இந்த ஆட்டம் காட்டுன? இத்தயெல்லாம் நான் கூறு கட்டி விக்கறப்பக்கூட சேக்க மாட்டேன்.”

குழாய்க்குப் பயந்து கேமராவை முழுங்கி, கேமரா பார்த்ததற்குப் பயந்து ஓடி, பொண்டாட்டிக்குப் பயந்து குழாயிடமே போய்ச் சேர்ந்தவர் இன்றைக்கும் தொண்டை கிழிய ஏலம் விட்டுக்கொண்டிருப்பதால், இந்த மூன்றில் எது வைத்தியம் என்று யாராவது கேட்டால் நான் டாக்டர் குரலில் இருமிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறேன்.